டெர்மினலில் உள்ளே விடுகிறது, ஃபைல்ஜில்லாவில் வாசலோடு அனுப்பிவிடுகிறது: ஆய்வுத் தரவு சேமிப்பகம்

பாதிமுனைவர் (கேள்வி)

நாலு நாளாக இதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், யாராவது கை கொடுங்கள்.

எங்கள் ஆய்வகத்தின் நுண்ணோக்கிப் படங்களையெல்லாம் வைக்க ஒரு தொலைதூர ஆய்வுத் தரவு சேமிப்பகத்தில் எங்கள் திட்டத்துக்கென்று இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். என்னிடம் விண்டோஸ் லேப்டாப், கோப்பு அனுப்ப ஃபைல்ஜில்லா நிரல். அவர்கள் கொடுத்த குறிப்பில் ஹோஸ்ட் பெயர், எஸ்எஃப்டிபி (கோப்பு அனுப்பும் நெறிமுறை), போர்ட் 22, பயனர் பெயர், பாஸ்வேர்டு, அதற்குப் பிறகு போனில் வரும் ஓடிபி, அவ்வளவுதான். ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. போன செவ்வாய்க்கிழமையிலிருந்து பாஸ்வேர்டு கேட்கிறது, ஓடிபி கேட்கிறது, இரண்டையும் வாங்கிக்கொள்கிறது, உடனே 'எஸ்எஃப்டிபி சர்வரிடமிருந்து எதிர்பாராத கோப்பு முடிவு' என்று சிவப்பில் ஒரு வரி, அதன் கீழே 'சர்வரோடு இணைக்க முடியவில்லை'. இதில் கொடுமை என்னவென்றால் அதே பாஸ்வேர்டு, அதே ஓடிபியோடு டெர்மினலில் எஸ்எஸ்எச் (தொலைதூரக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) போட்டால் அழகாக உள்ளே போகிறது, என் ஃபோல்டர்களெல்லாம் தெரிகின்றன.

ஃபைல்ஜில்லாவை எடுத்துவிட்டு மறுபடி நிறுவினேன். ஃபயர்வாலை அணைத்துப் பார்த்தேன். விபிஎன் போட்டும் போடாமலும், வீட்டு வைஃபை, போன் ஹாட்ஸ்பாட், எல்லாம் ஆயிற்று. சேமிப்பகத்தின் உதவிப் பிரிவுக்கு எழுதினால் 'எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது' என்று ஒரே வரியில் பதில் சொல்லி டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

இது தவிர இன்னும் இரண்டு சந்தேகம். மொத்தம் 640 ஜிபி. அதில் 40 சொச்சம் பெரிய கோப்புகள் மட்டும் 550 ஜிபி, மீதி 90 ஜிபி 3.8 லட்சம் குட்டிக் கோப்புகள். பெரியவை விநாடிக்கு 11 எம்பி வேகத்தில் போகின்றன. குட்டிகளைப் போட்டால் ஓர் இரவு முழுக்க, 10 மணி நேரத்தில், 70 ஆயிரம் சொச்சம்தான் போய்ச் சேர்ந்தன. ஏன் இப்படி? அப்புறம், போனதெல்லாம் முழுசாகத்தான் போயிருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இங்கே டிஸ்கைக் காலி செய்தால்தான் அடுத்த தொகுதிப் படம் எடுக்க முடியும்.

---

வேகப்பந்து

ப்ரோ, இது பேஸிவ் மோடு பிரச்சினை. எடிட், செட்டிங்ஸ் போய் ஆக்டிவ் என்று மாற்றுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் போர்ட்டை 21 ஆக்கிப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் சரியானது.

---

கறுப்புத்திரை

வேகப்பந்து, அது எஃப்டிபிக்கு. இவர் கேட்பது எஸ்எஃப்டிபி. பெயரில்தான் ஒற்றுமை, சொந்தம் எதுவும் கிடையாது. எஃப்டிபி 1971-ல் அபய் பூஷண் எழுதிய ஆர்எஃப்சி 114 என்கிற நெட்வொர்க் விதிமுறை ஆவணத்திலிருந்து வருகிற பழைய குடும்பம். கட்டளைக்கு ஓர் இணைப்பு, தரவுக்கு இன்னொன்று என்று இரண்டு திறக்கும், அதனால்தான் ஆக்டிவ், பேஸிவ் என்கிற தலைவலியே. எஸ்எஃப்டிபி என்பது எஸ்எஸ்எச் குழாய்க்குள்ளேயே ஓடுவது. எஸ்எஸ்எச் 1995-ல் வந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக நெட்வொர்க்கில் யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுச் சுருட்டியதைப் பார்த்து டாட்டு யூலோனன் எழுதியது. ஒரே இணைப்பு, ஒரே போர்ட். ஆக்டிவ் என்று மாற்றினால் ஒன்றும் நடக்காது, 21 என்று மாற்றினால் இருப்பதும் போகும்.

பாதிமுனைவர், நீங்கள் அணைத்துப் பார்த்த ஃபயர்வால், விபிஎன் எதுவும் இதில் குற்றவாளி இல்லை. எப்படித் தெரியும் என்றால் பிழை வந்த இடத்தைப் பாருங்கள். 20 விநாடி காத்திருந்துவிட்டு 'நேரம் முடிந்தது' என்று வந்திருந்தால் வழியில் யாரோ மறித்திருக்கிறார்கள், விபிஎன்னையும் ஃபயர்வாலையும் சந்தேகப்படலாம். சட்டென்று 'மறுக்கப்பட்டது' என்று வந்தால் மெஷின் வரை போய்விட்டீர்கள், அந்தப் போர்ட்டில் கேட்க ஆளில்லை. 'அங்கீகாரம் தோல்வி' என்றால் பாஸ்வேர்டு, ஓடிபி, சாவி. உங்களுக்கு இந்த மூன்றும் தாண்டியாகிவிட்டது. உள்ளே விட்ட பிறகுதான் துரத்துகிறது. அப்படியென்றால் சிக்கல் சர்வரில், அதுவும் உங்கள் கணக்குக்குள்.

ஒன்று செய்யுங்கள். விண்டோஸ் 10-ல் 2018 முதலே ஓபன்எஸ்எஸ்எச் கூடவே வருகிறது. கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து எஸ்எஃப்டிபி என்று அடித்து, இடம் விட்டு, பயனர் பெயர், அட் குறி, ஹோஸ்ட் பெயர். என்ன சொல்கிறது என்று ஒரு எழுத்துகூட விடாமல் இங்கே போடுங்கள். ஃபைல்ஜில்லா சொல்வது பாதி மென்று துப்பிய செய்தி.

---

பாதிமுனைவர்

வேகப்பந்து, ப்ரோ இல்லை, அக்கா :) பரவாயில்லை, பதில் போட்டதற்கு நன்றி.

கறுப்புத்திரை, செய்தேன். முதலில் ஏதோ நீளமாக ஓர் எழுத்துக்கோவையைக் காட்டி யெஸ்ஸா நோவா என்றது, யெஸ் போட்டேன். பாஸ்வேர்டு, ஓடிபி. பிறகு இது:

'மிக நீளமான செய்தி வந்தது 1466264675'

அதன் கீழே ரிமோட் ஷெல், வெளியீடு, இன்டராக்டிவ் அல்லாத அமர்வு என்று இன்னொரு வரி. எனக்குப் புரியவில்லை. அந்த எண்ணைத் தேடினால் உருப்படியாக ஒன்றும் கிடைக்கவில்லை. என் கோப்பு எதுவும் அந்த அளவில் இல்லை, எதையும் அனுப்பவே தொடங்கவில்லையே!

---

பூஜ்யமொன்று

அந்த எண்ணைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, மன்னியுங்கள். அது எண்ணே இல்லை, எழுத்து.

எஸ்எஃப்டிபியில் சர்வர் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் முதல் 4 பைட் 'பின்னால் வருவது எவ்வளவு நீளம்' என்று சொல்லும். உங்கள் லேப்டாப் அந்த 4 பைட்டை வாசித்து 146 கோடி பைட் வரப்போகிறது என்று நம்பியிருக்கிறது. ஓபன்எஸ்எஸ்எச் ஒரு பொட்டலத்துக்கு 256 கேபிக்கு மேல் ஏற்காது, அதனால் பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டது. சரி, அந்த 1466264675-ஐ நாலு பைட்டாக உடைத்துப் பாருங்கள்: 87, 101, 108, 99. ஆஸ்கி அட்டவணையில் 87 பெரிய டபிள்யூ, 101 சின்ன ஈ, 108 எல், 99 சி. 'வெல்கம்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் வரும் முதல் நான்கு எழுத்து!

ஆக, பொட்டலம் வரவேண்டிய இடத்தில் யாரோ வரவேற்புரை வாசித்திருக்கிறார்கள். சர்வர் எஸ்எஃப்டிபி நிரலைக் கிளப்பும்போது உங்கள் லாகின் ஷெல் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) வழியாகத்தான் கிளப்புகிறது. அந்த ஷெல் பேஷ் என்றால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் '.பேஷ்ஆர்சி' கோப்பை வாசித்துவிட்டுத்தான் வேலைக்குப் போகும். அதில் எக்கோ (வாசகத்தை அச்சிடும் கட்டளை) என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்த வாசகம் தரவோடு கலந்து வந்துவிடும். டெர்மினலில் மனிதர் உட்கார்ந்து பார்ப்பதால் அங்கே அழகாகத் தெரியும், ஒன்றும் கெடாது. உங்களுக்கு டெர்மினல் வேலை செய்ததும் இது செய்யாததும் அதனால்தான். 'எங்கள் பக்கம் சரி' என்று உதவிப் பிரிவு சொன்னதும் பொய்யில்லை, அவர்கள் அவர்களுடைய கணக்கில் சோதித்திருப்பார்கள்.

செவ்வாய்க்கு முந்தி '.பேஷ்ஆர்சி'யில் யாராவது கை வைத்தீர்களா?

(ஃபைல்ஜில்லா மாதிரியே இன்னொரு நிரலான வின்எஸ்சிபி வைத்திருந்தால் அது இந்த நாலு எழுத்தையும் தானே மொழிபெயர்த்து, தொடக்க ஸ்கிரிப்ட் எதுவோ செய்தி அச்சிடுகிறது என்றே சொல்லியிருக்கும். ஃபைல்ஜில்லா ஆட்கள் ஏன் இதைச் செய்வதில்லை என்று தெரியவில்லை.)

---

பாதிமுனைவர்

ஐயோ. ஆமாம். திங்கட்கிழமை ஆய்வக நண்பர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, லாகின் செய்ததும் எங்கள் திட்டத்தில் இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டுகிற மாதிரி இரண்டு வரி சேர்த்துக் கொடுத்தார். அதற்கு மேலே அவராகவே விளையாட்டுக்கு 'வெல்கம் பேக், டாக்டர்!' என்று ஒரு வரி. டெர்மினலில் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன், நாலு நாளாக.

அந்த வரிகளை எடுத்துவிட்டேன். ஃபைல்ஜில்லா ஒரே தட்டில் உள்ளே போய்விட்டது. அழுகை வருகிறது.

---

பூஜ்யமொன்று

எடுக்கக்கூட வேண்டாம், இடம் மாற்றினால் போதும். உபுண்டு மாதிரி அமைப்புகளில் இயல்பாக வரும் '.பேஷ்ஆர்சி'யின் தலைப்பிலேயே 'இது இன்டராக்டிவ் அமர்வு இல்லையென்றால் இங்கேயே திரும்பிவிடு' என்கிற ஒரு சோதனை இருக்கும். டாலர், கழித்தல் குறி, அதற்குள் ஐ எழுத்து இருக்கிறதா என்று பார்க்கும் வரிகள். நண்பர் அதற்கும் மேலே கொண்டுபோய்ச் செருகியிருப்பார். அதற்குக் கீழே வையுங்கள். அல்லது '.பேஷ்_ப்ரொஃபைல்' கோப்பில் வையுங்கள், அது லாகின் அமர்வில் மட்டும் வாசிக்கப்படும்.

---

கறுப்புத்திரை

புதிதாக '.பேஷ்_ப்ரொஃபைல்' உருவாக்கினால் பேஷ் அதன்பிறகு '.ப்ரொஃபைல்' கோப்பைத் திரும்பிப் பார்க்காது, அதிலிருந்த பாத் அமைப்பெல்லாம் காணாமல் போகும். கீழே வைப்பதே மேல்.

அப்புறம் இன்னொன்று. யெஸ்ஸா நோவா என்றது, யெஸ் போட்டேன் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். அந்த எழுத்துக்கோவைதான் சர்வரின் கைரேகை. நீங்கள் பேசுவது உண்மையில் அந்த சர்வரோடுதானா, நடுவில் உட்கார்ந்திருக்கும் வேறொருவரோடா என்று தெரிந்துகொள்ள இருக்கிற ஒரே சந்தர்ப்பம் அந்தக் கேள்வி. அதுவும் ஹாட்ஸ்பாட், கண்ட வைஃபை என்று மாற்றி மாற்றி முயன்ற நாளில். உங்களுக்குக் கொடுத்த குறிப்பிலோ சேமிப்பகத்தின் உதவிப் பக்கத்திலோ எஸ்எச்ஏ256 என்று தொடங்கும் ஒரு வரி இருக்கும், அதோடு ஒப்பிட்டுவிடுங்கள். முதல் முறை கேட்பது இயல்பு. ஆனால் ஏற்கெனவே பழகிய சர்வர் ஒரு நாள் 'கைரேகை மாறியிருக்கிறது' என்று எச்சரித்தால், பராமரிப்பு நடந்ததாக அறிவிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்காமல் ஓகே அழுத்தாதீர்கள், நாள் முழுக்கத் தாமதமானாலும் சரி.

---

பாதிமுனைவர்

ஒப்பிட்டேன், ஒத்துப்போகிறது. வாங்கிய திட்டு நியாயம்தான்.

இன்னொரு தொல்லையையும் கேட்டுவிடுகிறேன். உள்ளே போன பிறகு ஒரு கோப்பை இழுத்துவிட்டால் மறுபடி ஓடிபி கேட்கிறது. இரண்டு கோப்பு போட்டால் இரண்டு முறை. ஓடிபி 30 விநாடிக்கு ஒன்றுதான் மாறும், ஒரே எண்ணை இரண்டாம் முறை ஏற்பதும் இல்லை, போனைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருக்கிறது.

---

வேகப்பந்து

அக்கா, இது நிஜமாகவே எனக்குத் தெரியும் :) ஃபைல்ஜில்லா ஃபோல்டரைக் காட்ட ஓர் இணைப்பு வைத்துக்கொள்ளும், கோப்பு அனுப்பத் தனியாக வேறு இணைப்புகள் திறக்கும். ஒவ்வொன்றும் புது லாகின், ஒவ்வொன்றுக்கும் ஓடிபி. சைட் மேனேஜரில் உங்கள் சர்வரைத் தேர்ந்தெடுத்து, லாகான் டைப் இன்டராக்டிவ் என்று இருக்கட்டும். பிறகு டிரான்ஸ்ஃபர் செட்டிங்ஸ் பக்கத்தில் 'ஒரே நேரத்து இணைப்புகளைக் கட்டுப்படுத்து' என்று ஒரு பெட்டி இருக்கும், அதை டிக் செய்து எண்ணை 1 என்று வையுங்கள். காட்டுவதற்கும் அனுப்புவதற்கும் ஒரே இணைப்பு, ஒரே ஓடிபி. அனுப்பிக்கொண்டிருக்கும்போது வேறு ஃபோல்டரைத் திறந்து பார்க்க முடியாது, அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். குயிக்கனெக்ட் பட்டையில் விவரம் போட்டு இணைத்தால் இந்த அமைப்பு வராது, சைட் மேனேஜர் வழியாகத்தான் இணைக்க வேண்டும்.

---

கறுப்புத்திரை

வேகப்பந்து சொன்னது சரி. (21-ஐ மன்னித்தேன்.)

சேமிப்பகம் அனுமதித்தால் பாஸ்வேர்டுக்குப் பதில் சாவிக்கு (பொது, ரகசியம் என்று ஜோடியாக வரும் கோப்பு) மாறிவிடுவது இன்னும் நல்லது. எஸ்எஸ்எச்-கீஜென் கொண்டு எட்25519 வகைச் சாவி ஒன்று உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் அங்கே பதிவு செய்யுங்கள், ரகசியச் சாவிக்கு ஒரு பாஸ்ஃப்ரேஸ் போடுங்கள். சில இடங்களில் சாவி இருந்தாலும் ஓடிபி கேட்பார்கள், அது அவர்கள் கொள்கை. பாஸ்வேர்டைச் சைட் மேனேஜரிலேயே சேமித்து வைப்பதாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: மாஸ்டர் பாஸ்வேர்டு போடாவிட்டால் அது சைட்மேனேஜர் எக்ஸ்எம்எல் கோப்பில் பேஸ்64-ல் கிடக்கும். அது பூட்டு இல்லை, கோப்பு கையில் கிடைத்தவர் எவரும் ஒரு விநாடியில் திருப்பிவிடலாம். மாஸ்டர் பாஸ்வேர்டு வசதி 2017 முதல் இருக்கிறது, பலர் தொடுவதே இல்லை.

---

ஆறாவதுகாப்பி

தாமதமாக வருகிறேன். குட்டிக் கோப்புச் சங்கதிக்கு யாரும் பதில் சொல்லவில்லை போலிருக்கிறது, அதுதான் இதில் பெரிய வேலை.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 70 ஆயிரம் கோப்பு, 10 மணி நேரம், அதாவது விநாடிக்கு இரண்டு. ஒவ்வொன்றும் சராசரி 240 கேபி என்றால் விநாடிக்கு அரை எம்பிகூட இல்லை. அதே வயரில் பெரிய கோப்பு 11 எம்பியில் போகிறது. வயர் குறுகலாக இல்லை, வயர் சும்மா கிடக்கிறது. ஒவ்வொரு கோப்புக்கும் லேப்டாப் 'இதைத் திற' என்று கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது, எழுதுகிறது, 'மூடு' என்று கேட்டுக் காத்திருக்கிறது, நேரத்தைப் பதியச் சொன்னால் அதற்கும் ஒரு போக்குவரத்து. அந்தப் பக்கச் சேமிப்பகமும் பெரிய கோப்புக்காகக் கட்டப்பட்டதாக இருக்கும், குட்டிகளைப் பதிவு செய்யவே அதற்கு அலுப்பு. இதே வேகத்தில் 3.8 லட்சமும் போக 50 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதே 90 ஜிபி 11 எம்பி வேகத்தில் போனால் இரண்டேகால் மணி நேரம்.

எனவே முதலில் டார் (பல கோப்புகளை ஒரே கோப்பாகக் கட்டும் நிரல்) போடுங்கள். விண்டோஸ் 10-லேயே டார் இருக்கிறது, தனியாக எதுவும் இறக்க வேண்டாம். 90 ஜிபியையும் ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள். நடுவில் ஒன்று கெட்டால் எல்லாம் மறுபடி. பரிசோதனை நாள் வாரியாகவோ மாதிரி வாரியாகவோ, 5 முதல் 10 ஜிபிக்குள் ஒரு மூட்டை. பெயரைப் பார்த்ததும் உள்ளே என்ன என்று தெரிய வேண்டும், இன்னும் இரண்டு வருடம் கழித்து யாரோ ஒருவர் (பெரும்பாலும் நீங்களே) ஒரே ஒரு படத்துக்காக அதைத் தேடுவார். டிஃப் படங்கள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை என்றால் அதற்கு மேல் ஜிசிப் போட்டுச் சுருக்குவது வீண், சிபியு சூடாவதுதான் மிச்சம். மூட்டையாக வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு: பல சேமிப்பகங்களில் ஜிபி அளவுக்கு மட்டுமல்ல, கோப்புகளின் எண்ணிக்கைக்கும் உச்சவரம்பு இருக்கும். இடம் பாதி காலியாக இருந்தும் 'கோட்டா தாண்டிவிட்டது' என்று வந்தால் அதுதான் காரணம்.

பெரிய 550 ஜிபிக்கு உங்கள் வேகத்தில் சுமார் 14 மணி நேரம். இரவு போட்டுவிட்டுத் தூங்கலாம், லேப்டாப் தூங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூடியை மூடினால் போயிற்று. கேட்டுப் பாருங்கள், தரவு அனுப்பவென்றே தனி ஹோஸ்ட் பெயர் கொடுத்திருக்கிறார்களா என்று. லாகின் மெஷினில் இவ்வளவு தரவை ஓட்டினால் சில இடங்களில் உங்கள் இணைப்பை வெட்டிவிடுவார்கள், அது அவர்கள் பக்கத்து நியாயம்.

---

கறுப்புத்திரை

இந்த அளவுக்கு வந்த பிறகு ஃபைல்ஜில்லா எதற்கு? ஆர்சிங்க் (கோப்புகளை ஒத்திசைக்கும் நிரல்). 1996-லிருந்து இருக்கிறது, ட்ரிட்ஜெலும் மக்கெராஸும் எழுதியது, விட்ட இடத்திலிருந்து தொடரும், மாறியதை மட்டும் அனுப்பும். விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸ்) போட்டு ஓட்டலாம்.

---

ஆறாவதுகாப்பி

டபிள்யூஎஸ்எல் நிறுவ ஆய்வக லேப்டாப்பில் அட்மின் உரிமை வேண்டும், அது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆர்சிங்கும் குட்டிகளை ஒவ்வொன்றாகத்தான் பார்க்கும், 3.8 லட்சத்தைப் பட்டியல் எடுக்கவே கொஞ்சம் நேரமாகும் (ஃபைல்ஜில்லாவைவிட எவ்வளவோ மேல், ஒப்புக்கொள்கிறேன்). ஆர்குளோன் என்றொரு கோப்பு நகலெடுக்கும் நிரல் உண்டு, ஒரே ஓர் எக்ஸிஇ, நிறுவவே வேண்டாம், எஸ்எஃப்டிபி பேசும், ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக் கட்டளையும் உண்டு. சேமிப்பகத்தில் குளோபஸ் (பெரிய ஆய்வுத் தரவு அனுப்பும் சேவை) வைத்திருந்தால் அதுவே உத்தமம்: லேப்டாப்பில் குளோபஸ் கனெக்ட் பர்சனல் போட்டு வேலையைக் கொடுத்துவிட்டால் அறுந்தாலும் அதுவே மீண்டும் தொடர்ந்து, இயல்பாகவே செக்சமும் சரிபார்த்துவிடும். ஆனால் அக்காவுக்கு இப்போது கையில் ஓடுவது ஃபைல்ஜில்லா. 40 பெரிய கோப்பு, பத்துப் பதினைந்து மூட்டை, இதற்கு அதுவே போதும். ஓடுகிற வண்டியை இறக்கிப் பிரித்துப் பார்க்க வேண்டாம்.

சரிபார்ப்பு பற்றி. ஃபைல்ஜில்லாவின் 'வெற்றிகரமான பரிமாற்றங்கள்' தாவலை நம்பி டிஸ்கைக் காலி செய்துவிடாதீர்கள். வழியில் பைட் மாறினால் எஸ்எஸ்எச் கண்டுபிடித்துவிடும், அதில் பயமில்லை. பயம் எங்கே என்றால் நடுவில் அறுந்து, 'தொடர்க' என்று கொடுத்த கோப்புகளில். ஃபைல்ஜில்லா அங்கே இருக்கும் கோப்பின் அளவை மட்டும் பார்த்து, அதற்கு மேல் ஒட்டும். முன்பாதி சரியா என்று பார்க்காது. நான் ஒரு முறை, இங்கே கோப்பைத் திருத்திச் சேமித்துவிட்டு, மறந்துபோய் 'தொடர்க' கொடுத்து, முன்பாதி பழையது, பின்பாதி புதியது என்று ஒரு நரசிம்மத்தை உருவாக்கினேன். அளவு அட்சரசுத்தமாகப் பொருந்தியது! எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

அதனால்: மூட்டை கட்டியதுமே, அனுப்புவதற்கு முன்பே, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 ஹேஷ் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை) எடுத்து ஒரு பட்டியலில் எழுதிக்கொள்ளுங்கள். பவர்ஷெல்லில் கெட்-ஃபைல்ஹேஷ். பிறகு சேமிப்பகத்துக்குள் எஸ்எஸ்எச்சில் போய் எஸ்எச்ஏ256சம் ஓட்டி அந்தப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். விண்டோஸ் பட்டியலை அப்படியே லினக்ஸிடம் கொடுத்தால் அழும் என்பதைச் சொல்லிவிடுகிறேன்: பவர்ஷெல் 5.1-ல் '>' குறி போட்டு எழுதினால் யுடிஎஃப்-16-ல் எழுதிவிடும், வரி முடிவும் வேறு, கோப்புப் பெயரே தெரியவில்லை என்று லினக்ஸ் சாதிக்கும். 50 சொச்சம் வரிதானே, இரண்டு பட்டியலையும் ஒரு விரிதாளில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிச் சமமா என்று கேட்டாலே போதும். விண்டோஸ் பெரிய எழுத்தில் காட்டும், லினக்ஸ் சின்ன எழுத்தில் காட்டும், அது வித்தியாசம் இல்லை.

---

மறுபெயர்

கொஞ்சம் விலகிப் போகிறேன், ஆனால் தமிழில் கோப்புப் பெயர் வைப்பவர்கள் யாராவது இங்கே வந்தால் உதவும். என்னிடம் இருப்பது வாய்மொழிப் பேட்டிகளின் ஒலிப்பதிவு, பெயரெல்லாம் தமிழில். லினக்ஸில் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. யுடிஎஃப்-8-ல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், ஆக 85 குறியீடு. உயிர்மெய்யில் மெய்க்கு ஒன்று, குறிக்கு ஒன்று என்று எண்ண வேண்டும், அதனால் கண்ணுக்குத் தெரிவது 50 எழுத்துதான் இருக்கும், அதற்குள் பெயர் நிறைந்துவிடும். விண்டோஸில் இதைவிட நீளமாக வைக்க முடிந்தது, அனுப்பும்போது மட்டும் 'தோல்வி' என்று வந்து என்னை ஒரு நாள் சுற்றவிட்டது.

இதைவிட மோசம், 'கொ', 'கோ' எழுத்துகள். யூனிகோடில் 'கொ' என்பதை ககரம், ஒரே ஒகரக் குறி என்றும் எழுதலாம், ககரம், கொம்பு, கால் என்று மூன்றாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. மேக்கின் பழைய கோப்பு முறை எல்லாவற்றையும் பிரித்துத்தான் வைக்கும், விண்டோஸில் தட்டினால் பெரும்பாலும் சேர்ந்து வரும், லினக்ஸ் பைட்டை மட்டும் பார்க்கும். விளைவு, என் ஃபோல்டரில் 'கொல்லர் பேட்டி' என்று அச்சு அசலாக இரண்டு கோப்பு, ஒன்றைத் திறக்கச் சொன்னால் இல்லை என்கிறது! இப்போது பெயரை எண்ணாக வைத்துவிட்டு, தமிழ்த் தலைப்பைத் தனியாக ஒரு பட்டியலில் வைத்திருக்கிறேன். மனசு வரவில்லைதான்.

---

பூஜ்யமொன்று

மறுபெயர், டாரில் கட்டினாலும் இது தப்பாது, உள்ளே அதே பைட்டுகள்தான் போகும். எண் வைத்ததே சரி.

எதிர்த் திசைக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: லினக்ஸில் '10:30' என்று நேரத்தைப் பெயரில் வைத்த கோப்பை விண்டோஸுக்கு இறக்கினால் முக்காற்புள்ளி அங்கே ஆகாது, ஃபைல்ஜில்லா சத்தமில்லாமல் அடிக்கோடாக மாற்றிவிடும். உங்கள் ஸ்கிரிப்ட் பிறகு பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும்.

---

பாதிமுனைவர்

ஒரு வாரம் கழித்து வருகிறேன், என்ன ஆயிற்று என்று சொல்லாமல் போவது முறையில்லை.

குட்டிக் கோப்புகளை 14 மூட்டையாகக் கட்டினேன். கட்டவே ஒரு பகல் போயிற்று, ஆனால் அனுப்பியது மொத்தமும் இரண்டரை மணி நேரம். நம்பமுடியாமல் இரண்டு முறை எண்ணிப் பார்த்தேன். பெரியவை இரண்டு இரவில் முடிந்தன. ஒரே இரவில் முடிந்திருக்கும், விண்டோஸ் அப்டேட் என்று நடுராத்திரி தானே ரீஸ்டார்ட் ஆகிவிட்டது.

ஹேஷ் ஒப்பிட்டதில் ஒன்று பொருந்தவில்லை. ஆறாவதுகாப்பி சொன்ன அதே வகை: போன மாதம் பாதியில் நின்றுபோன ஒரு கோப்பு அங்கேயே கிடந்திருக்கிறது, நடுவில் நான் இங்கே அதை மறுபடி ஏற்றுமதி செய்திருந்தேன், ஃபைல்ஜில்லா கேட்டபோது 'தொடர்க' கொடுத்திருக்கிறேன். 12 ஜிபி, அளவு பைட் விடாமல் சமம். அழித்துவிட்டு முழுசாக அனுப்பினேன், பொருந்திவிட்டது.

கடைசியாக இன்னொன்று. நண்பர் என் மூட்டைகளைத் திறக்கப்போனால் 'அனுமதி இல்லை' என்று வந்தது. நான் போட்ட கோப்பெல்லாம் எனக்கு மட்டும் படிக்கிற மாதிரி 600-ல் போயிருக்கிறது. ஃபைல்ஜில்லாவிலேயே வலது கிளிக், கோப்பு அனுமதிகள், 640 (குழுவினரும் படிக்கலாம்) என்று மாற்றிச் சரிசெய்தோம்.

டிஸ்கை இன்னும் காலி செய்யவில்லை. பேராசிரியர் இன்னொரு பிரதி வேறோர் இடத்தில் இருந்தால்தான் காலி செய்யலாம் என்கிறார், அதற்கு ஒரு வெளி டிஸ்க் கேட்டிருக்கிறேன். வரவேற்பு வரி '.பேஷ்ஆர்சி'யில் அந்தச் சோதனைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறது. 'டாக்டர்' என்பதை மட்டும் எடுத்துவிட்டேன், அதற்கு இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி.

---

ஆறாவதுகாப்பி

பேராசிரியரை எனக்குப் பிடித்துவிட்டது. அந்த ஹேஷ் பட்டியலையும் மூட்டைகளோடு சேர்த்து சேமிப்பகத்திலேயே போட்டுவிடுங்கள், லேப்டாப்பில் மட்டும் வைத்தால் லேப்டாப்போடு போய்விடும்.